அரை மணி நேரம் நிற்க வேண்டிய முடி

ஷாம்பு அடுக்கின் முன்னால் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு, ஊரில் யாருக்கு முடி கொட்டுகிறது என்பது அவரவர் வீட்டாருக்கும் முன்பே தெரிந்துவிடும். நாமக்கல்லில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் எனக்கு அந்த வேலை. 'கூந்தல் ஆலோசகர்' என்று பேட்ஜ் வேறு குத்தியிருப்பேன். என் கூந்தலோ எலிவால். காலையில் குளித்தால் மத்தியானமே மண்டையோடு ஒட்டிக்கொள்ளும் மெல்லிய முடி வாய்த்தவர்களே, நானும் உங்கள் கட்சிதான். அதனால் மறைக்காமல் சொல்கிறேன்.

பூ நிற்குமா?

ஒரு டீச்சர் வந்தார். கிளிப் மாட்டினால் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், அவ்வளவு மெல்லிய முடி. எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவரிடம் கொட்டினேன். பால் மாதிரி கெட்டியாக இருக்கும் ஷாம்பு நமக்கு ஆகாது, தெளிவாக இருப்பதை எடுங்கள். 'பட்டுப் போன்ற கூந்தல்' என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள், அது முடியைப் படுக்க வைத்துவிடும். கண்டிஷனரை நுனியில் மட்டும் தடவுங்கள். 'வால்யூம்' என்று போட்ட பாட்டில் இருக்கிற முடியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும், புதிதாக ஒன்றும் முளைக்க வைக்காது.

டீச்சர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பிள்ளைகளிடம் கேட்கிற குரலில் கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டுங்க. ரெண்டு மொழம் மல்லிப்பூ வெச்சா, சாயங்காலம் பள்ளிக்கூடம் உடற வரைக்கும் சறுக்காம இருக்குமா?"

கொண்டை

எங்கள் ஷாம்பு கம்பெனி மேலாளர் அவ்வப்போது சேலத்திலிருந்து வருவார். ஒருமுறை விற்பனை ஏன் மந்தம் என்று அடுக்கைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், கடைசியில் என் தலையைப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் தவித்தார். நான் அங்கே சிரித்து வைத்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் வலித்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "மேடம், நாளையிலிருந்து கொண்டை போட்டுக்கங்க. நம்ம பாட்டில் பக்கத்துல நிக்கறப்ப மட்டும் போதும்."

அரை மணி நேரம்

சேந்தமங்கலம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர். பெயர் வேண்டாம், பண்ணைக்காரர் என்றே சொல்கிறேன். முப்பத்தாறு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் பண்ணை, தோட்டம் என்று இருக்கிற பையன்களுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பாகி வெகு காலம் ஆகிறது. இவரும் ஜாதகம் பொருந்திப் பல வீடுகளுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தவர். எல்லா இடத்திலும் 'கலந்துக்கிட்டுச் சொல்றோம்' என்றார்களாம். ஒருவரும் திரும்பக் கூப்பிடவில்லை, காரணமும் சொல்லவில்லை. முன்நெற்றி மெலிந்துபோன தன் தலைதான் காரணம் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

சோப்புத்தூள் பக்கம் சுற்றிச் சுற்றி வந்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து 'வால்யூம்' பாட்டில் ஒன்றை எடுத்து, முடி வளருமா என்று என்னிடம் கேட்டார். வழக்கம்போல உண்மையைச் சொன்னேன். இது முடியை வளர்க்காது, நம்பி ஏமாறாதீர்கள் என்றேன். அவர் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. "வளர வேண்டாங்க அக்கா. பொண்ணூட்டுல ஒக்காந்திருக்கற அரை மணி நேரம் நின்னாப் போதும்."

ஒரு கை எண்ணெய்

நிற்கவில்லை. அடுத்த வாரம் வந்து சொன்னார். உப்புத் தண்ணீராக இருக்கும், நல்ல தண்ணீரில் அலசுங்கள் என்றேன். அதற்கடுத்த முறையும் நிற்கவில்லை. பாட்டிலை மாற்றிக் கொடுத்தேன். குனிந்துகொண்டு தலையைக் காயவைக்கும் வித்தையைக்கூடச் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது இடமும் தட்டிப்போனது. எனக்கு என் வேலை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

குளித்ததிலிருந்து காரில் ஏறுவது வரை என்ன செய்தீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்று பிடித்துக்கொண்டேன். சட்டை, விபூதி, செருப்பு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், சாதாரணமாகச் சொன்னார்: "நல்ல காரியத்துக்கு வறண்ட தலையோட வாசப்படி தாண்டப்படாதுன்னு அம்மா ஒரு கை தேங்காயெண்ணெ வெச்சு உடுமுங்க. அது எப்பவும் வெக்கறதுதானுங்களே."

அம்மா வந்தார்

எண்ணெய் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கூட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்திவிட்டு, அவர் அரிசி மூட்டைப் பக்கம் போய்விட்டார். அம்மாவுக்கு வெயிலில் காய்ந்த முகம், நல்ல உயரம். கோழிக்குத் தீவனம் போடுகிற கை. எண்ணெய் பட்டால் முடி படிந்துவிடும், அந்த ஒரு நாள் மட்டும் விட்டுவிடுங்கள் என்று அவருக்கு விளக்கினேன். என் வேலையில் இதைவிடச் சுலபமான யோசனையை நான் யாருக்கும் சொன்னதில்லை.

அந்த அம்மா அரிசி மூட்டைப் பக்கம் நின்ற மகனைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "மத்த நாள்ல தலையத் தொட உட மாட்டான் அம்மிணி, பெரிய ஆளாயிட்டான். பொண்ணுப் பாக்கப் போற அன்னைக்கு மட்டுந்தான் எங்கிட்டக் குனிஞ்சு குடுப்பான். செரி, அவனுக்கு நல்லது நடந்தாச் செரி. உட்டுடறேன்."

எனக்குப் பேட்ஜைக் கழற்றி வைத்துவிடலாம் போல இருந்தது.

ஜேடர்பாளையம்

அடுத்து அவர்கள் பெண் பார்க்கப் போனது ஜேடர்பாளையத்துக்கு. அன்றைக்கு அம்மா எண்ணெய்ப் பாத்திரத்தை எடுக்கவில்லை. நான் வேலையில் கவனமில்லாமல், தலை நிற்கிறதா நிற்கிறதா என்று நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியாத ஒரு குடும்பத்துக்காக நான் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஒரு வாரம் கழித்து வந்தார். நெற்றியெல்லாம் எண்ணெய் மினுங்க, முடி மண்டையோடு படிந்திருந்தது. அம்மா மறந்து வைத்துவிட்டார்களா என்றேன். இல்லை, இன்றைக்கு நானாகத்தான் வைக்கச் சொன்னேன் என்றார். போன காரியம் என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியமில்லை, அவரே சொன்னார். ஏமாற்றம் குரலில் இருந்தது, முகத்திலிருந்து மட்டும் என்னவோ ஒரு பாரம் இறங்கியிருந்தது. "முடி நல்லா நின்னுச்சுங்க அக்கா. அந்தப் பொண்ணு எங்கிட்டயே நேரா சொல்லிருச்சு, 'உங்களப் புடிச்சிருக்குதுங்க, ஆனா கோழிப்பண்ணைக்கு வாழ வர முடியாது'ன்னு. பண்ணைய உட்டா எனக்கு வேற தெரியாதுங்களே. இத்தன வருசமா என்னையத்தான் வேண்டாங்கறாங்கன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க."

அடர்த்தி தரும் ஷாம்பு என் அனுபவத்தில் செய்து முடித்தது ஒன்றே ஒன்றுதான்: நிஜமான காரணம் கண்ணுக்குத் தெரியும்படி, முடியைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்க வைத்தது.