நான்காவது பத்து

மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, பால்காரர் வந்து கதவைத் தட்டும்வரை எழ முடியாமல் அப்படியே கிடந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் என் மனைவி அன்றே முடிவு கட்டிவிட்டாள். "அம்மா இனிமே தனியா இருக்க வேணாம். நம்மகூட வந்துடட்டும்."

மாமியார் மசியவில்லை. மாமனார் மில்லில் உழைத்துக் கட்டிய வீடு அது. "செத்தாலும் இங்கதான் மாப்ள," என்று என்னிடம் சொன்னார். மகளிடம் சொல்லப் பயம்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் கன்ட்ரோல் பேனல்களைப் பார்த்துக்கொள்பவன். கை சும்மா இருக்காது. "அத்தைக்கு ஒரு பட்டன் செஞ்சு தர்றேன், அமுக்குனா நம்ம வூட்ல பஸ்ஸர் அடிக்கும்," என்று சொல்லிவிட்டேன். செல்போன் கொடுத்துப் பார்த்தாயிற்று. அது சார்ஜ் இல்லாமல் அலமாரியில் கிடக்கும். இரண்டு வீடும் உழவர்கரைதான், நடுவில் சில தெருக்கள். இரண்டு சின்ன ரேடியோ போர்டு, செம்புக் கம்பியில் நானே வளைத்த ஆன்டெனா, இரண்டு மொட்டை மாடியிலும் பிவிசி குழாய். பட்டனை மாமியார், எப்போதும் அணியும் மாதா உத்தரியக் கயிற்றோடு சேர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். ஒரு வாரம் ஒரு சிக்னல்கூடத் தவறக் கூடாது. தவறினால் அம்மா வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட வேண்டும்.

தினமும் சோதித்துப் பார்க்க ஒரு வழி வேண்டுமே. சாயங்கால ஜெபமாலையோடு சேர்த்துவிட்டேன். மாலையில் பத்து மணிகள் சேர்ந்தது ஒரு பத்து; அதை உருட்டி முடித்ததும் ஒரு அழுத்து. ஜெபமாலைக்கு ஐந்து பத்து, ஆக ஐந்து சிக்னல். மாமியார் சாப்பாட்டை மறந்தாலும் ஜெபமாலையை மறக்க மாட்டார். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் பிள்ளைகள் படிப்பார்கள் என்று பஸ்ஸரைக் கழற்றி வைத்திருந்தோம். ஷிப்ட் முடிந்து வந்து, எங்கள் வீட்டில் சிக்னலை வாங்கும் பெட்டியில் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பேன். நான்கு. மறுநாளும் நான்கு. ஆன்டெனாவை உயர்த்தினேன், ஒயரை மாற்றினேன், பக்கத்து வீட்டுத் தென்னை மரத்தைத் திட்டினேன். அப்போதும் நான்குதான். "அஞ்சு தடவையும் அமுக்குறீங்களா அத்தை?" என்று கேட்டால், "அமுக்குறேனே மாப்ள," என்பார், சுவரைப் பார்த்துக்கொண்டு. மனைவியிடம் "இருபது சதவீதம் லாஸ்" என்று பெரிய இன்ஜினியர் மாதிரிச் சொன்னேன். அவள் அம்மாவுக்குக் கட்டில் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

அடுத்த விடுமுறை நாளில் பஸ்ஸரை மாட்டி மனைவியைப் பெட்டி முன்னால் உட்கார வைத்தேன். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு மாமியாரின் மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். முதல் பத்து, அழுத்தினார். "வந்துச்சு," என்றாள் மனைவி. இரண்டாவதும் வந்தது, மூன்றாவதும் வந்தது. நான்காவதில் பாதி போனதும் மாமியாரின் குரல் தேய்ந்தது. தலை சாய்ந்தது. மணியைப் பிடித்த விரல் அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் திடுக்கிட்டு விழித்து, பட்டனைத் தொடாமலே, ஒன்றும் நடக்காதது போல ஐந்தாவது பத்தை ஆரம்பித்தார். பிறகுதான் நான் எதிரில் இருப்பது நினைவுக்கு வந்தது.

"மாதா முன்னாடி தூங்குறேன்னு எப்படி மாப்ள சொல்றது," என்றார். கண் கலங்கியிருந்தது. "மெஷின்தான் சரியில்லன்னு சொல்லிடுங்க."

அதைச் சொல்ல வெட்கப்பட்டு, வீட்டையே விட்டுக்கொடுக்கத் துணிந்திருக்கிறார். எனக்கோ, வெட்கமில்லாமல், நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. என் ஆன்டெனா ஒரு சிக்னலையும் தொலைக்கவில்லை.

போனில் எல்லாம் மனைவிக்குக் கேட்டிருந்தது. அவள் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினாள். "நாலாவதுலதானே? என் சின்ன வயசுலேர்ந்தே அம்மா அங்கதான் தூங்கும். நான்தான் கிள்ளி எழுப்புவேன். எந்தப் பத்துல சிக்னல் விட்டுப்போவுதுன்னு நீங்க சொல்லியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். சதவீதமாம்."

மாமியார் மாலையைப் பின்னால் தள்ளி நான்காவது பத்தை முதலிலிருந்து சொன்னார், இம்முறை உரக்க. முடித்துப் பட்டனை அழுத்தினார். பஸ்ஸர் அடித்தது போன் வழியாக எனக்கே கேட்டது.

"வந்துடுச்சு," என்றாள் மனைவி. பிறகு சொன்னாள், "சரி, அம்மா அங்கியே இருக்கட்டும்."