தனலட்சுமியின் பிப்ரவரி இருபத்தொன்பது

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்ட எரிச்சலில் இருந்தபோது போன் அடித்தது. எடுத்ததுமே "யாருங்க, சட்டுன்னு சொல்லுங்க" என்று விழுந்தேன். தனலட்சுமி அக்காவின் கணவர். "நேத்துச் சாயங்காலம்கூடக் கஞ்சி குடிச்சாளுங்க" என்றார். அக்கா போய்விட்டார் என்று அதிலேயே புரிந்துவிட்டது. மஞ்சள் காமாலை என்று ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடந்தவர், எப்படியும் தேறி வேலைக்கு வந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம். முப்பத்தெட்டு வயது சாகிற வயதா? அலுவலகத்தில் யார் முன்னாலும் கண் கலங்காத நான் அன்று மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: பீளமேட்டில் ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் புரோகிராம் எழுதியவர். சனிக்கிழமை மதியம் மில்லுக்கு எதிரே இருக்கும் பேக்கரியில், வெவ்வேறு இடங்களில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஆளுக்கு இரண்டு பிளாப்பியாவது கையில் இருக்கும். ஒருவர் எழுதிய சின்னச் சின்னப் புரோகிராம்களை மற்றவர் வாங்கிப் போவோம். பெயர்களை அகர வரிசையில் அடுக்க ஒன்று, அறிக்கையைப் பக்கம் பிரித்து அச்சடிக்க ஒன்று, இப்படி. அக்கா மட்டும் பிளாப்பியைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டார். அச்சடித்த தாளையும் கூடவே நீட்டுவார். "படிச்சுப்போட்டு எடுத்துட்டுப் போங்க. உள்ள என்ன இருக்குதுன்னு தெரியாம மிசின்ல ஏத்தக் கூடாதுங்க." தேங்காய் பன்னைக் கடித்தபடி நாங்கள் வரிவரியாகப் படித்தாக வேண்டும். டீ ஆறிப்போகும். நான் முணுமுணுப்பேன்.

அவர் கொடுக்கும் எதிலும் முதல் வரியில் அவருடைய பெயரும் மில்லின் போன் நம்பரும் இருக்கும். "ஏனுங்க்கா, பேரு போட்டுக்கறதுல அத்தனை ஆசைங்களா?" என்று ஒருமுறை சீண்டினேன். "ஆசையெல்லாம் இல்லை கண்ணு. தப்பா ஓடுச்சுன்னா கூப்பிட்டுத் திட்டறதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பதிலை அன்று நான் காதில் வாங்கவே இல்லை.

அவர் கொடுத்தவற்றில் பெயர் போனது தேதிப் புரோகிராம். ஒரு தேதியைக் கொடுத்து, இத்தனை நாள் கழித்து என்ன தேதி என்று கேட்டால் சொல்லும். நாங்கள் புரோகிராம் எழுதிய பழைய பேசிக் மொழியில் அந்த வசதி இல்லாததால் எத்தனையோ இடங்களில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. நானும் வாங்கினேன். அப்போது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் வரியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரை அடித்து மாணவர்களுக்குக் கொடுத்தேன். "மேடம், நீங்களே எழுதுனதுங்களா?" என்று கேட்டார்கள். "பின்னே?" என்றேன்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில், இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் குழம்பிவிடும் என்று ஊரே பேசியபோது, அக்கா தன் பழைய புரோகிராம்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். தேதிப் புரோகிராமில் பிழை இருந்தது. நாலால் வகுபடும் ஆண்டில் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள். ஆனால் நூறால் வகுபடும் ஆண்டுக்கு அது கிடையாது. அந்த ஆண்டு நானூறாலும் வகுபட்டால் மறுபடி உண்டு. அக்காவுக்கு நூறு தெரிந்திருந்தது, நானூறு தெரியவில்லை. அதனால் வருகிற ஆண்டு அவருடைய புரோகிராம் பிப்ரவரி இருபத்தெட்டிலிருந்து நேராக மார்ச்சுக்குத் தாவிவிடும். அதற்குப்பின் எண்ணும் தேதியெல்லாம் ஒரு நாள் தள்ளி வரும். "நாலால வகுத்துட்டுச் சும்மா இருந்தவங்கெல்லாம் தப்பிச்சுட்டாங்க அம்மணி. நான் ஒண்ணு கூடத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுக் கெடுத்துப்போட்டேன்" என்றார். அவர் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை பேக்கரியில் ஒவ்வொருவரையும் கேட்டார். "உங்ககிட்ட இருக்கறதைத் திருத்திக்கிட்டீங்க. நீங்க யார்யாருக்குக் குடுத்தீங்க?" எல்லோரும் தலையைச் சொறிந்து சொறிந்து நினைவுபடுத்திச் சொன்னார்கள். என் முறை வந்தது. "நான் யாருக்கும் குடுக்கலைங்க்கா" என்றேன். என் மாணவன் ஒருவன் பொள்ளாச்சியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், நாய்க்கடிக்கு அடுத்த ஊசி என்றைக்கு என்று சீட்டு அடித்துக் கொடுக்க அதைப் பயன்படுத்துவது எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே அக்கா போனால் முதல் வரியில் என் பெயரைப் பார்ப்பார். அவ்வளவுதான் காரணம். எத்தனை அற்பமான காரணம்!

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பஸ் ஏறினார். ஒருமுறை என்னையும் சென்னிமலைக்கு இழுத்துப் போனார். பெட்ஷீட் நெய்யும் சங்கம் ஒன்றில் அது இருந்தது. "ஏனுங்க, வார வருசம் வரப்போற தப்புக்கு இப்பவே வந்துட்டீங்களா?" என்று அங்கிருந்த மேலாளர் சிரித்தார். "வந்ததுக்கப்புறம் நான் வந்து என்னங்க பிரயோசனம்?" என்று சொல்லிக்கொண்டே அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரும்பும்போது, "ஒரு நாள் முன்னப்பின்ன ஆனா என்னக்கா குடி முழுகிடும்?" என்று கேட்டேன். "நம்மளுக்கு ஒரு நாளு. அது யாருக்கு என்ன நாளோ, நமக்கெப்படித் தெரியும்?" என்றார். பொள்ளாச்சி ஊசிச் சீட்டைச் சொல்லிவிட வாயெடுத்தேன். ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது கண்ணெல்லாம் மஞ்சள். குரல் எழும்பவில்லை. "இன்னும் யாராச்சும் விட்டுப்போச்சா அம்மணி?" என்றார். "எல்லாம் முடிஞ்சுதுக்கா. நிம்மதியாத் தூங்குங்க" என்றேன். அவரிடம் நான் சொன்ன இரண்டாவது பொய். அவர் நிம்மதியாகத்தான் கண்ணை மூடினார்.

காரியம் முடிந்த அன்று அவர் கணவர் ஒரு நோட்டைக் கொடுத்தார். "இதுல உங்க ஆளுங்க பேரா இருக்குதுங்க. நீங்களே வெச்சுக்குங்க அம்மணி." ஆளுக்கொரு பக்கம். பெயருக்குக் கீழே அவர்கள் யாருக்குக் கொடுத்தார்கள், எந்த ஊர், எந்த பஸ். திருத்தி முடித்ததற்கு ஒரு டிக். எனக்கும் ஒரு பக்கம் இருந்தது. அதில் ஒரே வரி: "யாருக்கும் குடுக்கலை. அம்மணி சொன்னாச் சரி." பக்கத்தில் டிக்.

அவர் சிரிப்பையும் பொறுமையையும் மற்றவர்கள் வைத்துக்கொள்ளட்டும். என்னிடம் இருக்கப்போவது இந்தப் பக்கம்தான்.

நேற்று பொள்ளாச்சிக்குப் போய்வந்தேன். முதலில் முதல் வரியில் இருந்த என் பெயரை மாற்றினேன், அப்புறம்தான் பிழையை. பழைய மாணவர்களில் பதினொரு பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். மற்றவர்கள் எந்த ஊரில், எந்த வேலையில் இருக்கிறார்களோ, அவர்களிடம் வாங்கியவர்கள் யாரோ, எனக்குத் தெரியாது. என் பெயர் போட்ட தேதிப் புரோகிராம் உங்களிடம் இருந்தால், அதை நான் எழுதவில்லை. தனலட்சுமி எழுதியது. அதில் ஒரு பிழை இருக்கிறது. பிப்ரவரிக்குள் சொல்லி அனுப்புங்கள், எந்த ஊரானாலும் வருகிறேன். அவர் உங்களைத் தேடி வராமல் போனதற்கு நான்தான் காரணம்.