சேற்றுக்கு விட்ட இடம்

கொடைக்கானலில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் சின்னக் குளம் ஒன்று வெட்டிக்கொண்டிருந்தேன். மண்வெட்டி கறுப்புச் சேற்றில் இறங்கியதும் எழுந்த வாடை என்னை நான் வளர்ந்த கூக்கால் கிராமத்துக்குக் கொண்டுபோனது.

அப்போது எனக்கு எட்டு வயது. வீட்டுக்குப் பின்னால் கோரை மண்டிய சதுப்பு, கோடையிலும் காலை நனைக்கும். அங்கே உருளைக்கிழங்கு போட நினைத்த அப்பா, தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டினார்.

"தண்ணிய வெரட்டாதீங்க. பெறகு எங்க போயித் தேடுவீங்க?" என்றாள் அம்மா.

"சும்மா கெடக்குற எடந்தான?" என்றார் அப்பா.

முதல் விளைச்சல் நன்றாக இருந்தது. அடுத்த கோடையில் கிணறு வற்றியது. அம்மா ஊர் ஏரியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். ஒருநாள் அப்பா அவள் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். ஆனாலும் வாய்க்காலை மூடவில்லை. அடுத்த விதைப்புக்கும் அந்த நிலம் வேண்டியிருந்தது.

அம்மா இறந்த பிறகு அப்பா என்னோடுதான் இருக்கிறார். இன்று குளத்தருகே வந்து நின்றார்.

"ஓரத்துல என்ன நடப்போற?"

"ஒண்ணுமில்லப்பா. எப்பவும் ஈரமா இருக்கட்டும்னு விடுறேன்."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கி, என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினார்.

"ஏலே, கரையச் சரிவா வெட்டணும். தவளை ஏறி வரணும்ல?"