எப்சம் வீட்டில் பேசாமல் இருந்தது

சனிக்கிழமை, பிற்பகல் 2.10. நான் சென்னையிலிருந்து வந்து இரண்டு நாள் ஆகிறது. தங்கை கயல் வாடகைக்கு இருக்கும் மவுண்ட் ரோஸ்கில்லிலிருந்து அதே நகரத்தில் இருக்கும் எப்சமுக்குப் பேருந்து பிடித்தோம். ஐந்து கிலோமீட்டர்தான். டெய்ரி என்று இங்கே சொல்லும் மூலைக்கடையில் பன்னிரண்டு டாலருக்குப் பூங்கொத்து வாங்கிக்கொண்டாள். அவள் மணக்க விரும்பும் நிரோஷனின் வீடு எப்சமில் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடும்பம். எங்களுக்கு அப்பா இல்லை, அம்மாவால் இவ்வளவு தூரம் வர முடியாது. பெண் வீட்டார் என்றால் நான் ஒருவன்தான்.

ஏறும்போது, எப்படி இருக்கிறீர்கள் என்று ஓட்டுநர் ஆங்கிலத்தில் கேட்டார். நான்கு மணி நேரம்தான் தூங்கினேன், விமானத்தில் அடைத்த இடது காது இன்னும் திறக்கவில்லை என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கயல் பின்னாலிருந்து தள்ளினாள்.

"நல்லா இருக்கேன்னு சொன்னா போதும்ணா."

"நல்லா இல்லையே."

எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. முப்பத்தாறு வயதில்தான் மருத்துவர் அந்தப் பெயரைச் சொன்னார். அதுவரை எங்கள் வீட்டில் அதற்குத் திமிர் என்று பெயர். கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிடுவேன். பதில் வேண்டாத கேள்விகளும் உண்டு என்பது எனக்குப் பிடிபடுவதே இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று பேருந்திலேயே கயல் எச்சரித்தாள், இன்றைக்கு மட்டும் வாயைத் திறக்காதே என்று கெஞ்சினாள். எனக்கு வருத்தமாக இருந்தது. சரி என்றேன்.

2.45. நிரோஷனின் அம்மா தேநீரும் வடையும் கொடுத்தார். நிரோஷன் கயலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பயணம் சுகமோ, குளிருதோ, அம்மா எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். எனக்கும் சேர்த்துக் கயல் பேசினாள்.

3.30. அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தம்பி வந்ததிலயிருந்து ஒண்டும் கதைக்கேல்லை. இந்தச் சம்பந்தம் பிடிக்கேல்லை எண்டால் இப்பவே சொல்லுங்கோ. மனசுக்குள்ள வச்சிருக்க வேண்டாம்."

மௌனம் சம்மதம் என்றுதான் நான் படித்திருந்தேன். அண்ணன்காரன் முக்கால் மணி நேரம் வாய் திறக்காவிட்டால் வேண்டாம் என்று அர்த்தமாகும் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. கயலின் முகம் வெளுத்துவிட்டது.

"இவதான் பேசாதேன்னு சொன்னா," என்றேன். "எனக்கு ஆட்டிசம். சும்மா பேசத் தெரியாது. ஆனா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். உங்க பையன் கயலை ஏதாவது கேட்டா, அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கார். எங்க வீட்ல யாரும் யாருக்கும் அப்படிக் காத்திருந்ததில்ல. எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அந்த அம்மா மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓம், அவன் அப்பிடித்தான்," என்று சொல்லி என் தட்டில் இன்னொரு வடையை வைத்தார். வடை எப்படி என்று கேட்டார். உப்பு கொஞ்சம் கூட என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் கயலும் சிரித்ததால் கவலைப்படவில்லை.

5.20. தூறலில் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம்.

"நானும் உனக்காகக் காத்திருந்ததில்லைல்ல?" என்றாள் கயல்.

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்வதுதான் மரியாதை. அந்த அளவுக்கு எனக்கும் தெரியும்.

"ஆமா," என்றேன்.

சென்னையாக இருந்தால் கோபித்துக்கொண்டு விடுவிடுவென்று முன்னால் போயிருப்பாள். இங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னோடு சேர்ந்து மெதுவாக நடந்தாள்.