வெளுத்த மருந்து

வேலணை அரியநாயகத்தார் லேசில் யாரையும் நம்பமாட்டார். புகையிலை வியாபாரியின் தராசை நம்பாமல் வீட்டில் சொந்தத் தராசு வைத்திருந்தார். பிறகு அதையும் நம்பவில்லை. "கண்ணால் காண்பதும் பொய்" என்று அடிக்கடி சொல்லுவார். தீர விசாரிக்கச் சொல்லும் மிச்சப் பாதி அவர் வாயிலிருந்து வந்ததை யாரும் கேட்டதில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு, நீரிழிவுக்காரரான அவருடைய இடது காலில் விழுந்த புண் மாதக்கணக்காக ஆறவில்லை. காலையே எடுக்கவேண்டி வரலாம் என்றார் டொக்டர். புகையிலைத் தோட்டம் செய்கிறவனுக்குக் கால் போனால் என்ன மிச்சம்? லண்டனில் நேர்ஸாக இருந்த மகள் பதறிப்போய் ஒரு மருந்து அனுப்பினாள். அந்தப் பார்சலைக் கொழும்பில் எடுத்து ரயிலில் கொண்டுவந்தவர் மனைவி இராசேஸ்வரியின் தம்பி கனகசபை. குப்பிக்குள் ரவை மாதிரிப் பழுப்பு மணிகள். புண்ணில் தூவிக் கட்டவேண்டும்.

"மூடியை ஆர் திறந்தது?"

"ஆனையிறவுச் சோதனையிலை ஆமிக்காரன் திறந்து பாத்தவன் அத்தான்."

அது போதாதா அவருக்கு! மருந்து தூவிப் போட்ட கட்டை அவிழ்த்த அன்று, பழுப்பு மணிகள் ஊதி வெளுத்துக் கிடந்தன.

"பாரும், சாயம் கழண்டு போச்சு. உம்மடை தம்பி மருந்தை வித்துப்போட்டு, ரவைக்குச் சாயம் பூசித் தந்திருக்கிறான்."

"என்ரை தம்பி அப்பிடிச் செய்யமாட்டான். புண்ணைப் பாருங்கோ, துப்புரவா இருக்கு."

பார்த்தால்தானே! குப்பியைச் சாட்சிப் பொருளாக அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பார்க்க வந்த கனகசபையை முகத்துக்கு நேரே கள்ளன் என்றார். அந்த மனுசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பிறகு அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை.

புண் மறுபடி சீழ் பிடித்து விரல்கள் கறுத்தன. ஆஸ்பத்திரிக்குப் போனபோது குப்பியையும் மறக்காமல் கொண்டுபோனார், மருந்துக்கல்ல, கள்ளனைப் பிடிக்க. டொக்டர் ஒரு தட்டில் சில மணிகளைப் போட்டுத் தண்ணீர் விட்டார். மணிகள் ஊதி வெளுத்தன. தண்ணீர் பழுப்பானது.

"அந்த நிறம்தான் ஐயா மருந்து. மணி புண்ணிலை கசியிற ஊனத்தை உறிஞ்ச உறிஞ்ச, மருந்து மெல்ல மெல்லப் புண்ணுக்கு இறங்கும். வெளுத்தால் வேலை முடிஞ்சுது எண்டு அர்த்தம். கழுவிப்போட்டுப் புதுசு போடவேணும். இவ்வளவு நல்ல மருந்தை ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

அரியநாயகத்தார் குப்பியை எடுத்து மடிக்குள் வைத்தார். வெட்கம் புண்ணைவிட நொந்தது.

இரண்டு விரல்கள் போயின. கால் தப்பியது. வீடு வந்ததும் இராசேஸ்வரி தானே போய்த் தம்பியைக் கூட்டிவந்தாள். அக்காவுக்காக வந்த கனகசபை வாசலோடு நின்றார். மன்னிப்புக் கேட்டுப் பழகாத அரியநாயகத்தார் கதிரையில் இருந்தபடி கட்டை அவிழ்த்துக் காலை நீட்டினார், குப்பியையும் நீட்டினார்.

"நீரே போட்டுவிடும் மச்சான்."

கனகசபை கொஞ்சம் தயங்கி, குனிந்து மருந்தைத் தூவினார். "சரியோ எண்டு பாருங்கோ அத்தான்."

அரியநாயகத்தார் கிணற்றடிப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார்.

"நான் பாக்கத் தேவையில்லை. நீர் கட்டும்."