படி இல்லாத குளியலறை

அரிசி மூட்டைகளும் பழைய தகரப் பெட்டிகளும் கிடந்த எங்கள் சாமான் அறையை, என் தமக்கையார் குளிப்பதற்கேற்ற அறையாக மாற்றிவிடுவது என்று நான் தீர்மானித்த காலையில் எனக்கு இட்லி தொண்டையில் இறங்கவில்லை. கவலையினால் அல்ல, மகிழ்ச்சியினால்.

தமக்கையார் என்னைவிட மூத்தவர். கணவர் மறைந்தபின் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் சரம் கட்டி விற்று, ஒரே மகளை வளர்த்துத் திருப்பூரில் மணம் முடித்துக் கொடுத்தவர். விடியுமுன்னே தலைக்கு ஊற்றிக்கொண்டு கடைக்குப் போவது அவருடைய வழக்கம். வாதம் கண்டு இடக்கையும் இடக்காலும் செயலிழந்த பிறகு, வத்தலக்குண்டு சாலையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சக்கர நாற்காலியை வலக்கையாலும் வலக்காலாலும் தள்ளிக்கொண்டு வீடெங்கும் ஆட்சி செய்தார். கீரை ஆய்வார், என் மனைவி வைக்கும் வெஞ்சனத்தில் உப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்வார். குளியலறை ஒன்றுதான் அவருக்கு எட்டாத இடமாக இருந்தது.

நம் வீடுகளில் குளியலறை வாசலில் ஒரு படி உயர்ந்து, உள்ளே தரை தாழ்ந்திருக்கும். தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடலாகாது என்பதற்காக வைக்கும் படி அது. என் மனைவி அந்தப் படியைக் கடக்க நாற்காலியைப் பின்புறமாகச் சாய்த்து இழுப்பாள். பிறகு தானே குளிப்பாட்டுவாள். அவளுக்கோ முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. புரட்டாசியில் ஒரு நாள் அந்தப் படியில் நாற்காலி நழுவி, இருவரும் சுவரில் மோதி நின்றார்கள். காயம் இல்லை. ஆயினும் அன்று மாலையே தமக்கையார் தம் முடிவை அறிவித்தார்.

“கார்த்திகை பொறக்கவும் நான் திருப்பூருக்குப் போயிருறேன், தம்பி. என்னையத் தூக்கித் தூக்கி இவளும் படுத்துட்டா ஒனக்குக் கஞ்சி ஊத்த யாரு இருக்கா?”

திருப்பூரில் அவர் மகள் குடியிருப்பது இரண்டாவது மாடியில், ஓர் ஒற்றை அறையில். அங்கே சென்றால் ஜன்னலோரம் ஒரு கட்டில் கிடைக்கும். அதன்பின் அவர் தெருவில் இறங்கப்போவதில்லை. இது எங்கள் மூவருக்கும் தெரியும். தெரிந்தே அவர் சொன்னார் என்பதுதான் என்னை உறங்கவிடவில்லை.

தமக்கையாரின் அறையை ஒட்டியே, அதற்குள் திறக்கும் வாசலோடு, சாமான் அறை இருந்தது. கைப்பேசியில் பல ஊர்க் குளியலறைகளைப் பார்த்தேன். கால் வழங்காதவர்கள் தாமே நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே போய்க் குளித்துவிட்டு வரும் காட்சிகளைக் கண்டு, தனியே இருந்த நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு மொட்டைமாடியில் அந்த அறையின் அளவைச் சுண்ணக்கட்டியால் அப்படியே வரைந்தேன். தமக்கையார் உறங்கும் சமயம் பார்த்து நாற்காலியை மேலே கொண்டுபோய், நானே அதில் அமர்ந்து கோட்டுக்குள் திரும்ப முடிகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்ட அம்மாள் பதறிவிட்டார்.

“ஏக்கா! ஐயாவுக்கும் வாதம் வந்துருச்சா?” என்று கீழே நின்ற என் மனைவியை நோக்கிக் கத்தினார்.

“அவருக்கு வந்தது வேற வியாதி. நீ துணியக் காயப்போடு” என்றாள் என் மனைவி.

கொத்தனார் சித்தையன்கோட்டைக்காரர், கைநேர்த்தி உள்ளவர். என் திட்டத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

“படி இல்லாம பாத்ரூமாய்யா? தண்ணி கட்டிலுக்கு அடியில வந்து நிக்குமே.”

“தரைக்கு வாட்டம் சரியாக் குடுத்தா ஏன் நிக்கப்போவுது?” என்றேன். வாட்டம் என்பது தண்ணீர் ஓடுவதற்காகத் தரையில் வைக்கும் சரிவு. வாசலில் தொடங்கிப் பின்சுவர் வரை தரை சிறிது சிறிதாக இறங்க வேண்டும். பின்சுவர் நெடுகத் தண்ணீர் வடியும் சல்லடைத் தகடு அமைய வேண்டும். வாசலில் ஒரு நூல் உயரம்கூடத் தடை இருக்கலாகாது. கொத்தனார் அரை மனதோடு ஒப்புக்கொண்டார்.

வேலை தொடங்கிய பின் வீடு திருவிழாக்கோலம் பூண்டது. வாசல் அகலமாயிற்று. ஈரத்திலும் வழுக்காத சொரசொரப்பான டைல்ஸ் வந்து இறங்கியது. குழாயை எங்கே வைப்பது என்று நானும் கொத்தனாரும் நின்றுகொண்டு விவாதித்தபோது, தமக்கையார் நாற்காலியை உருட்டிவந்து, என் கையிலிருந்த சுண்ணக்கட்டியைப் பிடுங்கிச் சுவரில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

“குளிக்கப்போறது நானு. நீங்க ரெண்டு பேரும் நின்னுக்கிட்டுக் குளிக்கிற ஆளுங்க. இங்க வை.”

பிடிமானக் கம்பிக்கும், சுவரில் மடக்கும் இருக்கைக்கும், சோப்பு வைக்கும் மாடத்துக்கும் அவ்வாறே குறிகள் விழுந்தன. எல்லாம் அவருடைய வலக்கைக்கு எட்டும் தூரத்தில்.

வாசல் வேலை நடந்த அன்று முற்பகலில் தமக்கையாரை ஆஸ்பத்திரிக்கு உடற்பயிற்சிக்காக அழைத்துச் சென்றிருந்தேன். திரும்பி வந்ததும், “வாசல் முடிஞ்சிருக்கும், பாப்போம்” என்று அவரே நாற்காலியை உருட்டிக்கொண்டு விரைந்தார். சக்கரம் டொக்கென்று முட்டி நின்றது.

வாசலின் குறுக்கே பளபளப்பான கருங்கல் படி ஒன்று பதிக்கப்பட்டிருந்தது. அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

என் மனைவி முந்தானையைத் திருகினாள்.

“மதினி ரூமுக்கு நேர் எதுத்தாப்புல கூடத்துல சாமி இருக்குங்க. குளிச்ச தண்ணி சாமி பக்கம் வரலாமா? ரெண்டு விரக்கடை உசரந்தான் வைக்கச் சொன்னேன்.”

“அம்மா சொன்னாங்க. எனக்கும் படி இல்லாம விட மனசு கேக்கலய்யா” என்றார் கொத்தனார். அவர் அதைத் தவறென்று நினைக்கவேயில்லை. வீட்டுக்கு நல்லது செய்த நிறைவு அவர் முகத்தில் இருந்தது.

தமக்கையார் கல்லைப் பார்த்தார். “அழகா இருக்கு. பொட்டெல்லாம் வச்சிருக்கீக” என்றார். பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பினார்.

“ஏ தாயி, தண்ணி சாமிகிட்டப் போயிருமோன்னு ஒனக்குப் பயம். இந்தக் கல்லுல நீ விழுந்துருவியோன்னு எனக்குப் பயம். கல்லைப் பேத்துட்டுத் தண்ணிய ஊத்திப் பாப்போம். வாசலத் தாண்டுச்சுன்னா நீ கல்லை வச்சுக்க. நான் திருப்பூர் பஸ்ஸுல ஏறிருறேன். தாண்டலேன்னா இங்கனயே இருக்கேன்.”

“பஸ்ஸுல எப்புடி ஏறுவீக, மதினி? அதுலயும் படி இருக்கே.”

“அப்ப லாரியில ஏத்தி விடு. பூ மூட்டையோட மூட்டையாப் போறேன்.”

இருவரும் சிரித்தார்கள். ஆனால் தமக்கையார் சொன்ன சொல்லை மாற்றுபவர் அல்லர். சிமெண்டு இறுகுமுன் கொத்தனார் கல்லைப் பெயர்த்தெடுத்தார். அவர் முகத்திலிருந்த நிறைவு போய்விட்டது.

டைல்ஸ் காயும்வரை காத்திருந்த நாள்களில் நான் குழந்தையாகிவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். கடையில் கோலிக்குண்டுகள் வாங்கி வந்து தரையில் உருட்டிப் பார்த்தேன். எல்லாம் பின்சுவரை நோக்கி ஓடின. வாசலின் இடது மூலையில் வைத்த குண்டு மாத்திரம் சற்றே தயங்கி, பின்னர் மனமில்லாமல் நகர்ந்தது. அதை நான் எவரிடமும் சொல்லவில்லை.

பந்தய நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. என் மனைவி குளித்துமுழுகி வந்து, வாசலின் குறுக்கே கோலமாவினால் ஒரு நேர்க்கோடு இழுத்தாள். கோடு நனைந்தால் தண்ணீர் தாண்டியது என்று பொருள். கோட்டுக்கு வெளியே தமக்கையார் நாற்காலியில். அவருக்குப் பின்னே நான். உள்ளே நிரம்பிய டிரம்மின் அருகில் கொத்தனார். வாளியை எடுக்கக் குனிந்தவரை என் மனைவி தடுத்தாள்.

“நீங்க பைய ஊத்துவீக. குடுங்க, நான் ஊத்துறேன்.”

முதல் வாளியை அவள் வீசிய வேகத்தில் முழங்கால் வலி எங்கே போயிற்றோ அறியேன். தண்ணீர் பின்சுவரில் மோதிச் சல்லடையில் இறங்கியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வாளியை அவள் வாசலுக்கு அருகிலேயே கவிழ்த்தாள். தண்ணீர் நான்கு திசையும் பரந்தது. ஒரு நாக்கு மட்டும் பிரிந்து, நான் அஞ்சிய அந்த இடது மூலையை நோக்கி வந்தது. வெள்ளைக் கோட்டை நெருங்கியது. என் விரல்கள் நாற்காலியின் பிடியை நெரித்தன. கோட்டுக்கு ஒரு விரல் தள்ளி அது நின்றது, நடுங்கியது, பிறகு வந்த வழியே பின்வாங்கி, மற்றத் தண்ணீரோடு சேர்ந்து ஓடியே போயிற்று.

“ஊத்து, தாயி, இன்னும் ஊத்து!” என்று தமக்கையார் கூவினார்.

“குழாய்ல தண்ணி வர்றதே எப்பவோ ஒருக்கா. போதும், மதினி” என்றபடி என் மனைவி சிரமப்பட்டுக் குனிந்து மாவைத் தொட்டாள். விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தாள். “காஞ்சுதான் இருக்கு” என்றாள். நான் கைதட்டினேன். கொத்தனார் வாளியைக் கவிழ்த்து அதில் தாளம் போட்டார்.

“தட்டுனது போதும், எல்லாரும் வெளிய போங்க. வெந்நி எங்க?” என்றார் தமக்கையார்.

வெந்நீரும் நல்லெண்ணெயும் சீயக்காயும் உள்ளே போயின. தமக்கையார் கோட்டின்மேல் நாற்காலியை உருட்டிக்கொண்டு நுழைந்தார். மாவில் இரண்டு சக்கரத் தடங்கள் விழுந்தன. தள்ளுகதவை வலக்கையால் இழுத்து மூடித் தாழிட்டார்.

“தாழ்ப்பா எதுக்கு, மதினி? நான் இங்கனதான நிக்கிறேன்?”

“அதுக்குத்தான்” என்று உள்ளிருந்து பதில் வந்தது.

அந்தத் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியது என்பதை நான் தமக்கையாரிடம் தெரிவிக்கவில்லை. இருக்கை முனகும் ஒலி கேட்டது. என் மனைவி கதவில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள். பின்னர் வாளியில் செம்பு முங்கும் சத்தமும், தலையில் விழும் தண்ணீரின் சத்தமும் வந்தன. மறுபடி முங்கியது, மறுபடி விழுந்தது. அவசரமே இல்லாத குளியல். வாதம் வந்த நாள்முதல் அவர் தலையில் பிறர்தான் தண்ணீர் ஊற்றினார்கள். இப்போது எந்த வேகத்தில், எத்தனை செம்பு என்பதை அவரே தீர்மானித்துக்கொண்டிருந்தார். என் மனைவி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. சேலையை முடிந்த அளவில் சுற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு, சீயக்காய் மணக்க வெளியே வந்தார்.

“திருப்பூருக்குப் போன் போடு, தம்பி.”

போட்டேன். மகளின் குரல் கேட்டதும் கைப்பேசியை நோக்கிச் சத்தமாகப் பேசினார்.

“ஏத்தா, கார்த்திகைக்கு என்னையக் கூட்டிட்டுப் போக வராத. சும்மா வா. வந்து ஒரு நாள் குளிச்சுப் பாரு.”

“வர்றவுக எல்லாம் இம்புட்டு நேரம் குளிச்சா டேங்க் என்னத்துக்கு ஆகும்?” என்று முணுமுணுத்துக்கொண்டே என் மனைவி மோட்டார் போடச் சென்றாள்.