துளை போடாத படகு

"கையை எடுங்க நானா. ட்றில் வழுக்கினா விரல் போயிரும்."

"போனாப் போகட்டும். ஓட்டை போட உடமாட்டன்."

றிஸ்மி படகின் மேல்தட்டில் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தான். நாலடி நீளமான கறுப்புப் படகு. தட்டினால் பீங்கான் போல ஒலித்தது. பவிதரன் ட்றிலை நிறுத்தி மேசையில் வைத்தான். கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரேடியோவும் போனும் திருத்துகிற கடை அவனுடையது. வயதில் மூத்த றிஸ்மியை அண்ணன் முறையில் 'நானா' என்பான்.

மேசையில் இரண்டு றிசீவர்கள் கிடந்தன. கரையில் நிற்பவன் றிமோட்டை அசைப்பதைப் படகுக்குள் இருந்தபடி வாங்கி, மோட்டருக்கும் சுக்கானுக்கும் கடத்துகிற பெட்டிகள். ஒன்று தீப்பெட்டி அளவு. அதன் கம்பி ஒரு விரல் நீளம்தான். மற்றதில் மெல்லிய நீளக் கம்பிகள் இரண்டு. அவற்றின் நுனிகள் படகுக்கு வெளியே நிற்க வேண்டும். அதற்கு மேல்தட்டில் இரண்டு துளைகள் வேண்டும்.

"ஃபைபர் எண்டா நான் கதைக்கமாட்டன் நானா. ரேடியோ அலை அதுக்குள்ளால போகும். இது காபன். கறண்ட் பாயிற சாமான். இரும்புப் பெட்டிக்குள்ள ஆளைப் பூட்டிப்போட்டு வெளியால நிண்டு கூப்பிடுற கணக்கு."

"ஓட்டை போட்டா தண்ணி வரும்."

"சுத்தவர சிலிக்கன் அடிச்சா வராது."

"சிலிக்கன் எத்தின நாளைக்கி? என்ட தொழில எனக்குச் சொல்லித் தாறீங்களா?"

பவிதரன் சிரித்தான். "நீங்க என்ட தொழில எனக்குச் சொல்லித் தாற மாதிரித்தான்."

றிஸ்மி பதினொரு வருடம் கடலுக்குப் போனவன். மனைவி பஸ்லியாவின் அண்ணன் அஸ்ஹரின் போட்டில் வலை இழுத்தான். ஒருநாள் வலை பாதி ஏறியிருந்தபோது வலிப்பு வந்து தண்ணீருக்குள் சரிந்தான். அஸ்ஹர் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினான். அதன் பிறகு சாய்ந்தமருதில் எந்தப் போட்காரனும் அவனை ஏற்றவில்லை. முழங்காலுக்கு மேல் கடல் தண்ணீர் பட விடமாட்டேன் என்று அவன் பஸ்லியாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்தான்.

பிறகு ஆறு வருடம் போட் திருத்தும் வாடியில் வேலை செய்தான். உடைந்த ஃபைபர் போட்டுகளுக்கு றெசின் பூசி அடைப்பது அவன் பொறுப்பு. ஆணி போன இடம், கயிறு அறுத்த இடம், கல்லில் இடித்த வெடிப்பு எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்துக் கண்டுபிடிப்பான். ஊசி நுழைகிற துளை போதும். ஒரு பருவத்தில் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். எட்டுப் பேர் தூக்குகிற போட்டை அடுத்த பருவத்தில் பதினாறு பேராலும் தூக்க முடியாது. அவன் மூடிய போட்டில் தண்ணீர் இறங்கியதாக ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

இந்த வருடம் வாடி மூடப்பட்டது.

கரையிலிருந்து பார்த்தால், அலை உடைகிற இடத்துக்கு அப்பால் கடல் கொஞ்சம் கறுத்திருக்கும். அடியில் கல்லுத்தரை. பாரை மீன் அங்கேதான் நிற்கும். கையால் வீசும் தூண்டில் அதில் பாதித் தூரம்கூடப் போகாது. இரையைக் கொண்டுபோய் அங்கே போட்டுவிட்டு வர ஒரு சிறிய படகு இருந்தால், கால் நனையாமல் மீன் பிடிக்கலாம். வேறு ஒருவரிடமும் போட்டில் இடம் கேட்க வேண்டியதில்லை. அறுகம்பையில் வெள்ளைக்காரரின் சேர்ஃப் பலகைகளைத் திருத்தும் கடையில் அவனுக்குப் பழக்கமான ஒருவர் இருந்தார். மிச்சப்பட்ட காபன் துணியை அங்கிருந்து வாங்கி வந்து, மூன்று மாதம் இழைத்து இழைத்து இந்தப் படகைச் செய்தான்.

"சரி, ஒண்டு செய்வம். சின்னத வச்சே பார்ப்பம்" என்றான் பவிதரன்.

சிறிய றிசீவரைப் படகுக்குள் வைத்து, மோட்டரோடும் சுக்கானோடும் இணைத்தார்கள். பின்னேரம் கடற்கரை மணலில் படகை வைத்துவிட்டு, பவிதரன் றிமோட்டோடு வடக்கே நடந்தான். றிஸ்மி படகருகில் குந்தியிருந்தான். ஐம்பது அடியில் சுக்கான் திரும்பியது. நூறில் திரும்பியது. பவிதரனின் முகம் தெரியாத தூரத்துக்குப் போன பிறகும் திரும்பியது. றிஸ்மி எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினான்.

"என்ன தம்பி, இரும்புப் பெட்டி கதைக்குதே!"

திரும்பி வந்த பவிதரன் படகின் நடுவில் இருந்த வாயைக் காட்டினான். றிசீவரை இறக்குவதற்கு விட்டிருந்த இரண்டு கையகல வாய்.

"இது திறந்திரிக்கி நானா. மூடினாப் பிறகு இன்னொருக்கா இந்தத் தூரத்துக்கு நடந்து பாருங்க."

"ஓம், பார்ப்பம்."

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த காபன் துணியை வெட்டி, இரண்டு அடுக்குப் போட்டு, வாயை மூடினான். பற்றரிக்கு வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றுவதற்கான திருகாணியின் அடியைக்கூட றெசினால் அடைத்தான். விரலால் தடவியபோது எங்கே வாய் இருந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. காய்ந்ததும் முற்றத்தில் வைத்து, கிணற்றடியில் நின்று றிமோட்டை அசைத்தான். சுக்கான் திரும்பியது. முற்றம் அவ்வளவுதான். அதற்கு அப்பால் மதில்.

வெள்ளிக்கிழமை காலையைத் தேர்ந்தெடுத்தான். வெள்ளி மத்தியானம் ஜும்ஆத் தொழுகை முடியும்வரை அந்தக் கரையில் யாரும் போட் இறக்குவதில்லை. வலையும் கிடக்காது, ஆட்களும் நிற்கமாட்டார்கள். பிசகினால் சிரிப்பதற்கு ஒருவரும் இல்லை.

பஸ்லியா அபாயாவை உடுத்திக்கொண்டு கூடவே வந்தாள். கையில் நூல் கட்டை. மூத்த பிள்ளை றுஸ்தாவின் பெயரை வைத்துத்தான் அவனைக் கூப்பிடுவாள்.

"நூலக் கட்டி உடுங்களன் றுஸ்தாட வாப்பா."

"மொதல் ஓட்டம் புள்ள. சும்மா ஓடட்டும். கயிறு கட்டின மாடு எப்படி ஓடுமெண்டு யாருக்குத் தெரியும்?"

"மாடு போனாத் திரும்பி வரும்."

கரையில் ஒருவரும் இல்லை என்று நினைத்தது பிழை. இழுத்து வைத்த போட்டின் நிழலில் அஸ்ஹர் கிழிந்த வலையோடு இருந்தான்.

"என்னகா மச்சான், கப்பல் எங்க போகுது? மக்காவுக்கா?"

"கல்லுத்தரைக்கி."

"ரெண்டு பாரை நமக்கும் ஏத்தி அனுப்பு. ஐஸ் பெட்டி இரிக்கா அதுல?"

"வாயை மூடுங்க காக்கா" என்றாள் பஸ்லியா அண்ணனிடம். ஆனால் அவளும் சிரித்தாள்.

றிஸ்மி முழங்கால்வரை இறங்கி, இரண்டு அலைக்கு நடுவில் படகை விட்டான். அது ஓடியது. முதல் அலையைக் கிழித்தது. இரண்டாவதின் கீழ் மறைந்து, அப்பால் வெளியே வந்தது. அஸ்ஹர் வலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றான். அவன் எழுந்தது றிஸ்மிக்குத் தெரிந்தது. மூன்றாவது அலை உடைகிற இடத்தையும் படகு தாண்டியது. இடப்பக்கம் திருப்ப வேண்டும். றிமோட்டின் குச்சியை இடப்பக்கம் தள்ளினான்.

படகு நேரே போனது.

வலப்பக்கம் தள்ளினான். மோட்டரை நிறுத்தப் பார்த்தான். படகு நேரே போனது. கடைசியாகக் கேட்ட சொல்லையே பிடித்துக்கொண்டு அது கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. கிட்டப் போனால் கேட்கும் என்று றிஸ்மி றிமோட்டைத் தலைக்கு மேல் தூக்கியபடி இறங்கினான். தண்ணீர் தொடைக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது.

"றுஸ்தாட வாப்பா!"

"மச்சான், போட்ட இறக்கு!" அவன் திரும்பாமலே கத்தினான். "அஞ்சு நிமிசம்! இன்னும் கல்லுத்தரையிலதான் ஓடுது!"

"விசராடா உனக்கு? இண்டைக்கி வெள்ளி. இறக்கினா மத்தவனெல்லாம் என்னக் கரையில நிக்க உடுவானா?" அஸ்ஹர் நீர்க்கரைவரை ஓடி வந்திருந்தான். "ஒரு மனிசன் தாழ்ந்தா இறக்குவன். விளையாட்டுச் சாமானுக்கு இறக்க ஏலா."

ஒரு மனிசன் தாழ்ந்தா.

றிஸ்மி அதைக் கேட்டான். கேட்டபின் அவன் மனம் மிகத் தெளிவாக இருந்தது. இன்னும் பத்து எட்டு வைத்தால் தரை இறங்கிவிடும். கையை இரண்டு தடவை ஆட்டினால் போதும். அஸ்ஹர் போட்டை இறக்குவான். இறக்கிய போட் கல்லுத்தரைவரை போகலாம். அவன் மூன்று எட்டு வைத்தான். தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது. நாலாவது எட்டில் பின்னால் சட்டை இறுகியது.

பஸ்லியாவுக்கு நீந்தத் தெரியாது. அபாயா தண்ணீரில் ஊதி அவளைச் சுற்றி மிதந்தது. நெற்றிச் சீலை நனைந்து ஒரு கண்ணை மூடியிருந்தது. சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அடுத்த அலை அவள் வாய்க்குள் போனது.

அவன் றிமோட்டை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தான்.

அஸ்ஹர் தோள்வரை இறங்கி வந்து இருவரையும் இழுத்துக் கரையில் போட்டான். பஸ்லியா குனிந்து தண்ணீரைக் கக்கினாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"வேணுமெண்டுதானே போனீங்க?"

அவன் கடலைப் பார்த்தான். கறுப்புப் புள்ளி இருந்த இடத்தில் வெயில் அடித்தது.

"சொல்லுங்க. காக்கா சொன்னதக் கேட்டுப்போட்டுத்தானே போனீங்க?"

"ஓம்."

அஸ்ஹர் வேறு பக்கம் திரும்பி நின்றான்.

ஜும்ஆவுக்குப் பிறகு அஸ்ஹர் ஆட்களைச் சேர்த்துப் போட்டை இறக்கி, தனியே போய், பின்னேரம் நாலு மணிவரை தேடினான். றிஸ்மியை அவன் கூப்பிடவில்லை. கேட்க வேண்டும் என்று றிஸ்மிக்கும் தோன்றவில்லை. படகு கிடைக்கவில்லை. தண்ணீர் உள்ளே போயிருக்காது என்று மட்டும் றிஸ்மிக்குத் தெரியும். பற்றரி முடிந்த பிறகும் அது தாழாது.

சனிக்கிழமை காலை றிஸ்மி வலிப்பு மாத்திரையைப் போட்டு, பாணும் பருப்பும் சாப்பிட்டான். பவிதரன் போன் எடுத்தான்.

"எப்படி நானா, ஓடினதா?"

"ஓடினது. நல்லா ஓடினது" என்றான் றிஸ்மி.

பஸ்லியாவின் உறவுக்காரி ஜெனூபாவுக்கு மருதமுனையில் கைத்தறிக் கூடம் இருந்தது. பஸ்லியா முதல் நாள் இரவே அவனுக்கு வேலை கேட்டு அவளோடு கதைத்திருந்தாள். ஒன்பது மணி பஸ்ஸில் இருவரும் போனார்கள். வலிப்பு வருகிறவன், சாயம் காய்ச்சுகிற அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்று பஸ்லியா ஜெனூபாவிடம் சொன்னாள். ஜெனூபா அவனை நெய்து முடித்த லுங்கிச் சாரங்களை மடிக்கிற மேசையில் இருத்தினாள். பஸ்லியா அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். மத்தியானம் கறண்ட் இல்லை. நாலரைக்கு வேலை முடிந்தது. அவன் எண்பத்திரண்டு சாரங்கள் மடித்திருந்தான். அதில் ஆறை மறுபடி மடிக்கச் சொன்னார்கள்.